வாசல் ஏறிய வண்டி

உப்போடையில் திரவியத்தின் பழைய காருக்குள் மழை பெய்யத் தொடங்கிய அன்று வெளியே வெயில் நூற்றி ஏழு டிகிரி. அதனால் இது எப்படி நடக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, எவ்வளவு நேரம் பெய்யும் என்றுதான் கேட்டோம். எங்கள் ஊர் அப்படி. கிணறு வெட்டினால் உப்பு, போர் போட்டால் உப்பு, துவரம்பருப்பை ஐந்து விசில் விட்டு இறக்கினாலும் கல்லாகவே கிடக்கும், விருந்துக்கு வந்தவர்கள் முதல் வாய் காபியைக் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பதினேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செவக்காட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீரில்தான் நாங்கள் இருபது வருஷமாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ஊரில் மழை வயக்காட்டில் பெய்தால் என்ன, பின்சீட்டில் பெய்தால் என்ன?

திரவியத்துக்கு அறுபத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கிற கடை அவருடையது. அந்தக் கார் அவர் வீட்டுக் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷமாக நின்றது. ஐம்பத்தாறாம் வருஷத்துச் சீமை வண்டி, கூன் முதுகு, முழித்த இரண்டு விளக்குகள். ஊரில் அதற்கு ஆமை என்று பெயர். பாட்டில் பச்சை நிறம், அதுவும் கம்பெனி அடித்த பச்சை இல்லை, யாரோ உட்கார்ந்து பிரஷ்ஷால் பார்த்துப் பார்த்து அடித்த பச்சை, கிட்டே போனால் பெயிண்டுக்குள் பிரஷ் முடி ஒன்றிரண்டு ஒட்டியிருப்பது தெரியும். தரைத்தகடு துருவேறி, கதவு தொங்கி, கூரைத்துணி கிழிந்து போயிருந்தாலும், சாவியைப் போட்டுக் குமிழை இழுத்தால் ஒரே இழுப்பில் பற்றிக்கொள்ளும். மெக்கானிக் மைதீன் பாய் மாதம் ஒரு தடவை வந்து அதை ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிக் கொண்டுவந்து விடுவார். திரவியத்தின் மனைவி சந்தனமாரி மட்டும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் ஏறியதே இல்லை. கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் ஆட்டோதான். ஏன் என்று யாராவது வாயைக் கிளறினால், "அது எனக்கு வந்த சீரு இல்லல்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் மேலே கேட்க யாருக்கும் தோன்றாது.

பெங்களூரில் இருக்கும் மகள் லீவுக்கு வரும்போதெல்லாம், "இந்த வண்டிய யாருப்பா வாங்குனா?" என்பாள். "தாத்தா" என்பார் திரவியம். இந்த வருஷம் பேரன் அதே கேள்வியைக் கேட்டான், பதிலைக் கேட்டுக்கொண்டு, "யார்கிட்ட வாங்குனாங்க?" என்று அடுத்ததையும் கேட்டான். திரவியம் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கே முடிவு செய்தார், தான் கண்ணை மூடுவதற்குள் வண்டி இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அதோடு சேர்ந்து அதன் கதையும் மகள் தலையில்தான் விடியும் என்று.

மைதீன் பாய் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, திரவியம் செல்போனில் ஒற்றை விரலால் விளம்பரம் எழுதினார். பழைய கார். ஓடும் நிலையில் உள்ளது. பாடி வேலை பார்க்க வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே ஓனருன்னு ஒரு வரி போடுங்க அண்ணாச்சி, பழைய வண்டி வாங்குதவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க" என்றார் பாய். திரவியத்தின் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு போட்டுவிட்டார். மறுநாள் காலையில் கொட்டகையைத் திறந்தால், வண்டியின் கண்ணாடிகள் உள்பக்கமாக வேர்த்திருந்தன, உள்ளே சடசடவென்று மழை பெய்துகொண்டிருந்தது.

பாய் முதலில் கூரையில் ஓட்டை தேடினார். தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தார். தார்ப்பாய்க்கு மேலே வெயில் காய்ந்தது, கீழே மழை பெய்தது. இஞ்சினைப் போட்டால் கொட்டியது, அணைத்தால் தூறலாக இறங்கியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒழுகுனா நான் அடைச்சிருவேன். இது ஒழுகல, பெய்யுது" என்று சொல்லிவிட்டு, ஒரு மெக்கானிக் அதற்குமேல் என்ன செய்வாரோ அதைச் செய்தார்: தரைத்தகட்டில் துருப்பிடித்திருந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதில் ஒரு பைப்பைச் சொருகி, முனையில் குழாய் மாட்டினார்.

குழாய் மாட்டியதுதான் தாமதம், ஊர் வந்துவிட்டது. சிவப்புக் குடம், நீலக் குடம், மூடியில்லாத கேன், பெயிண்ட் வாளி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அன்னக்கூடை என்று வரிசை கொட்டகையில் தொடங்கி அம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி கொட்டகைக்கே வந்தது, யார் முதல் யார் கடைசி என்று சண்டை வந்து, கிழக்குத் தெருவுக்குக் காலையிலும் மேலத்தெருவுக்கு மாலையிலும் இஞ்சின் போடுவது என்று பேசி முடித்தோம். அந்தத் தண்ணீரில் பருப்பு இரண்டே விசிலில் வெந்து குழைந்தது, டீக்கடையில் டீக்கு முதல் தடவையாக டீ ருசி வந்தது, பெண்களின் தலைமுடி சீப்புக்கு வழிவிட்டது, இதுவரைக்கும் நுரை என்பதையே பார்க்காத சோப்புகள் கையை விட்டு வழுக்கி ஓடின. வானிலைக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து முன்சீட்டில் மழைமானி வைத்து, ஆறு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போனார். பஞ்சாயத்துத் தலைவர் வந்து, இது தனியார் வாகனத்துக்குள் பெய்வதால் வறட்சி நிவாரணத்தைப் பாதிக்காது என்று எல்லார் முன்னாலும் உறுதி சொல்லிவிட்டு, தன் பங்குக்கு நான்கு கேன் பிடித்துக்கொண்டார். மழையென்றால் லீவு உண்டா இல்லையா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஹெட்மாஸ்டரைக் கேட்க, அவர் நியாயமாக யோசித்து, காருக்குள் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் லீவு என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது வாரம் பின்சீட்டுக் கிழிசலில் புல் முளைத்தது, தவளை ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது, அதற்கு எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லாததால் நாங்களே அதைப் பார்த்துக்கொண்டோம். செவக்காட்டு லாரியை இனி வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டோம்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போகிற பெண்கள், "மவராசன், நீங்க நல்லா இருக்கணும்" என்று திரவியத்தை வாழ்த்திவிட்டுப் போனார்கள். வாழ்த்து ஏறஏற அவர் சிறுத்துக்கொண்டே போனார். கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்தினார், பிறகு வாசல் பக்கம் வருவதை நிறுத்தினார், கடையில் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அடக்கம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். அடக்கம் ஒன்றும் இல்லை, அது வெட்கம், அது எங்களுக்குத் தெரியும். அறுபது தாண்டியவர்கள் எல்லாருக்கும் அந்தத் தண்ணீரின் முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஈரக் கரிசலும், நசுங்கின மாவிலையும், புது ரெக்சினும் கலந்த ஒரு வாசனை அதில் இருந்தது. அது இந்த வருஷத்து மழையே இல்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மத்தியானம் பெய்த மழை. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. எனக்கும் தெரிந்தது, தெரிந்தும் இரண்டு குடம் பிடித்தேன். பருப்பு நன்றாக வெந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது திரவியத்துக்கு இருபத்துநாலு வயது, செவக்காட்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த தவசிலிங்கத்தின் மகள் ராஜக்கனியைப் பேசி முடித்திருந்தார்கள். புது பியட் கார் ஒன்று சீர் செய்வதாகப் பேச்சு. தவசிலிங்கத்தால் அது முடியவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், தான் சவாரி ஓட்டிப் பிழைக்கிற வண்டியையே பச்சைப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு, மூக்கில் வாழைப்பூவும் மாவிலையும் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்து திரவியத்தின் அப்பா பொன்னையாவின் வாசலில் ஏற்றி நிறுத்தினார். "ரெண்டு வருசத்துல புதுசு எடுத்துத் தந்துருதேன் சம்பந்தி, அதுவரைக்கும் இத வச்சுக்கிடுங்க" என்று கைகட்டிச் சொன்னார். பொன்னையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெயிண்டை நகத்தால் கீறிப் பார்த்து, "பழசக் கொண்டாந்து என் வாசல்ல விட்டு ஊருக்கு முன்னால என் மூக்க அறுக்கியா? ஒம் பொண்ணு வேண்டாம்" என்றார். சரி, அப்படியானால் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று தவசிலிங்கம் கதவில் கை வைத்தபோது, பொன்னையா அந்தக் கையை எடுத்துவிட்டார். வாசல் ஏறிய சீர் திரும்ப இறங்கினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துச் சாத்திரம். பித்தளைக் குடமானாலும் சரி, காரானாலும் சரி. பெண் வாசல் ஏறவில்லை, அதனால் பெண்ணைத் திருப்பலாம். வண்டி ஏறிவிட்டது, அதனால் வண்டியைத் திருப்பக் கூடாது. கூடியிருந்த பெரியவர்கள் யோசித்துப் பார்த்து, சாத்திரம் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள். யோசிக்க வேறொன்றும் இல்லாதது மாதிரி ஆட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து அப்படி ஒரு மழை பிடித்தது, நான்கு வருஷமாகப் பெய்யாத மழை. பஸ் வரவில்லை. தவசிலிங்கம் பொன்னையா வாசலிலிருந்து இறங்கி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, செவக்காட்டு ரோட்டில் நடந்து போனார். அந்த வருஷம்தான் பஸ் ஸ்டாப்பில் புது நிழற்குடை கட்டியிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிப் பதினாலு பேர் நின்றோம். அவர் எங்களைக் கடக்கும்போது ஒரு நொடி எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் மழையைப் பார்த்தோம். இவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்த கதை, இதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. அது திரவியத்துக்கு மட்டும் தெரியும்.

வண்டியைப் பார்க்க ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதலில் வந்தவர் கதவைத் திறந்து நனைந்து, சளிபிடித்துத் திரும்பினார். இரண்டாவது ஆள் தவளையையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டார். மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ரகுநந்தன் என்றொருவர் வந்தார், பழைய கார்களை வாங்கிச் சரிபண்ணிப் புதுசாக்குகிறவர், விவரமானவர். குடை பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ரயில்வே கேட் வரை ஓட்டிவிட்டு வந்து, "எலி குடியிருந்த வண்டி வாங்கியிருக்கேன், தேன்கூடு கட்டின வண்டி வாங்கியிருக்கேன். மழை பெய்யற வண்டி இதுதான் முதல். மழை இருந்துட்டுப் போகட்டும், எனக்கு வண்டி பிடிச்சிருக்கு. ஆர்.சி. புக்கைக் காட்டுங்க" என்றார். திரவியம் உள்ளே போய் நெடுநேரம் கழித்து எடுத்துக்கொண்டு வந்தார். ரகுநந்தன் பிரித்துப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தவசிலிங்கம்னு போட்டிருக்கே. ஒரே ஓனர்னு எழுதியிருந்தீங்க. அவர்தான் ஓனரா? நீங்க யாரு?"

வரிசையில் நின்ற அத்தனை குடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

ரகுநந்தன் நல்ல மனுஷன், நிலைமை புரிந்து குரலைத் தணித்துக்கொண்டார். "அவர் இல்லைன்னா வாரிசு யாராவது கையெழுத்துப் போட்டாப் போதும் சார். வாங்கிட்டு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தனமாரி நிலைவாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "போங்க, போய் வாங்கிட்டு வாங்க. நடந்து போற தூரந்தான்" என்றாள். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று திரவியத்துக்குத் தெரியவில்லை, ஆனால் முகம் சிவந்துபோனது.

மறுநாள் காலை மைதீன் பாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தவளையை நாங்கள் இறக்கி வாங்கிக்கொண்டோம். ஊரே காய்ந்து கிடக்கிற அக்னி நட்சத்திரத்தில், திரவியம் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க, பாய் பின்னால் குடை விரித்து உட்கார, கண்ணாடியை உள்பக்கமாகக் கையால் துடைத்துத் துடைத்து, அந்த வண்டி செவக்காட்டு ரோட்டில் தனக்கு மட்டுமான மழையைச் சுமந்துகொண்டு போனது. இதற்கு மேல் நடந்ததெல்லாம் பாய் எங்களிடம் வந்து சொன்னது. பாய் ஐந்து வேளை தொழுகிறவர், கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார்.

செவக்காட்டில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அதைச் சுற்றி வேலி, வேலிக்குள் இரண்டு தண்ணீர் லாரிகள் நின்றன. நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் லாரிச் சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்ததும் பாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக எங்களுக்குத் தண்ணீர் ஊற்றியது அந்த லாரிகள்தான். டிரைவர்தான் வருவான், போவான். முதலாளி யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

ராஜக்கனி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கப்பாதான் வாராருன்னு ஒரு நிமிசம் மறந்து எந்திரிச்சிட்டேன்" என்றாள். பிறகு, "வாங்க. உக்காருங்க" என்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்காரர் மகனோடு திருப்பூரில் இருக்கிறார் என்றும், அப்பா இறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது என்றும், கடைசி வரைக்கும் இன்னொருத்தர் காரைச் சம்பளத்துக்கு ஓட்டினார் என்றும் சொன்னாள். "ஒரு மாசமா ஒங்க ஊருல லாரி வேண்டாமுன்னுட்டாங்க. கேட்டா, காருக்குள்ள மழ பெய்யுதுங்காங்க. சரி, எங்க பேஞ்சா என்னன்னு விட்டுட்டேன்."

திரவியம் மோரைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்தபடி, வண்டியை விற்கப் போவதையும் கையெழுத்து வேண்டியதையும் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார். திட்டுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று பாய் நினைத்தார். அவளோ, "எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்கப்பாவ நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும். பொய் சொல்லல. ஆனா ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது" என்றாள். "அன்னைக்கி அம்புட்டு மழையில எங்கப்பா நனைஞ்சு வந்து நின்னாரு. பதறிப்போயிக் கேட்டேன். மாப்ள வழியில வண்டிய நிப்பாட்டி, ஏறுங்க மாமான்னு அம்புட்டுத் தூரம் சொன்னாரும்மா, புதுசா ரெக்சின் போட்ட சீட்டு நனைஞ்சிருமேன்னு நாந்தான் ஏறலன்னாரு. சாவுற வரைக்கும் அதச் சொல்லுவாரு. அந்த வீட்டுல அந்தப் பையன் ஒருத்தன் மனுசன்னு. அந்த ஒரு சொல்லுதான் எங்களுக்கு இருந்துச்சு. அதுக்காகத்தான் போடுதேன்."

பேனா தாளில் படுவதற்குள், "போடாதீங்க" என்றார் திரவியம்.

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை போல, மறுபடியும் சொன்னார். "போடாதீங்கம்மா. நான் நிப்பாட்டல."

பிறகு சொன்னார். பந்தல் வேண்டாமென்று பந்தல்காரனிடம் சொல்லிவிட்டு வா, அப்படியே வண்டியையும் ஓட்டிப் பார் என்று அப்பா சாவியைக் கொடுத்ததை, சாவியை வாங்கிக்கொண்டதை, ஓட்ட நன்றாக இருந்ததை, ஓட்ட நன்றாக இருக்கிறது என்று தான் நினைத்ததை. ஓடைப்பாலத்துக்குக் கிட்டே, சொட்டச் சொட்ட நடந்துபோன ஆள் சத்தம் கேட்டுத் திரும்பிக் கையைக் காட்டியதை, வண்டி தன் வண்டிதான் என்று தெரிந்ததும் அந்தக் கையை இறக்கிக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி வழிவிட்டதை. பின்சீட்டு முழுக்கக் காலியாகக் கிடந்ததை. சொல்லச் சொல்ல அவர் கழுத்துத் தொங்கிக்கொண்டே போனது. அறுபத்திரண்டு வயது ஆள் அப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்றார் பாய்.

ராஜக்கனி பேனாவுக்கு மூடி போட்டாள். "கண்ணாடிய எறக்குனீங்களா?"

"ஒரு இஞ்சு."

"எங்கப்பா என்னமும் சொன்னாரா?"

"எடது வைப்பரு நின்னு நின்னு ஓடும், பாத்துப் போங்க மாப்ளன்னாரு." திரவியம் அழுதார். "நான் கண்ணாடிய ஏத்திட்டுப் போயிட்டேன்."

ராஜக்கனி எழுந்து போய் வண்டியின் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். இஞ்சின் போடவில்லை, ஆனாலும் உள்ளே கொட்டியது. வெளியே கண்ணைப் பறிக்கிற வெயிலில் இந்த இரண்டு ஆண்களும் நிற்க, கண்ணாடிக்குள் அவள் அப்பாவின் மழையில் அவள் நனைந்துகொண்டிருந்தாள். முன்னாலிருக்கிற இரும்புப் பலகையை ஒரு தடவை கையால் தடவியது மங்கலாகத் தெரிந்தது. மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றபோது கதவைத் திறந்து இறங்கினாள். தலையிலிருந்து கால்வரை சொட்டியது. "மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தாரு" என்று மட்டும் சொன்னாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டாள்.

திரவியம் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் நாற்காலியில் வைத்தார். மழைக்கோட்டைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். "ஆட்டோ புடிக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்ட பாயிடம், "நீ பஸ்ல வா பாய், நான் நடந்து வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அந்த வண்டியைப் பிற்பாடு ராஜக்கனிதான் ரகுநந்தனுக்கு விற்றாள். வாங்கிய மறுவாரமே அவர், மழை ஏன் பெய்யவில்லை, வைப்பர் மட்டும் ஏன் நின்று நின்று ஓடுகிறது என்று மைதீன் பாய்க்குப் போன் போட்டுக் கேட்டார்.

செவக்காட்டு எல்லை தாண்டியதும் திரவியத்தின் மேல் மழை பெய்யத் தொடங்கியது. மேகம் இல்லை, ரோடு காய்ந்துதான் கிடந்தது. அவர் மேலேயும் அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு எட்டுத் தூரத்துக்கும் மட்டும், காருக்குள் பெய்த அதே மழை பெய்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டும் பெய்யுது" என்று விசாரித்துவிட்டு, சரி, அது அவர் மழை என்று போய்விட்டார்.

ஓடைப்பாலத்துக்குக் கிட்டே பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. திரவியம் திரும்பிப் பார்த்தார். பச்சை வண்டி. ரோட்டை விட்டு இறங்கி வழிவிட்டு நின்றார். வண்டி அவரைத் தாண்டவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றது. ராஜக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி இடதுபக்கக் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். பின்சீட்டில் பாய் இருந்தார். உள்ளே எல்லாம் காய்ந்திருந்தது.

"ஏறுங்க" என்றாள். அவர் ஏறவில்லை. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு செவக்காட்டுல பேரு. ஏறுங்க."

திரவியம் திறந்திருந்த கதவைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா" என்றார். "சீட்டு நனைஞ்சிரும்."

ராஜக்கனி அவரையே பார்த்தாள். அவர் மேல் பெய்த மழை சாய்ந்து வண்டியின் முன்கண்ணாடியிலும் அடித்தது. திரவியமே கதவைச் சாத்தினார், ஒரு இஞ்சு திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குனிந்து, "எடது வைப்பரு நின்னு நின்னு ஓடும். பாத்துப் போங்க" என்றார். வண்டி மெதுவாக நகர்ந்து, அவரைத் தாண்டி, எங்கள் ஊர்ப் பக்கம் போனது.

பாயைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுவிட்டு அவள் வேறு வழியாகத் திரும்பிப் போய்விட்டாள். எங்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை. பாய் அங்கேயே நின்று முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தபோது, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செவக்காட்டு ரோட்டில் ஓர் ஆள் நனைந்துகொண்டு வருவது தெரிந்தது. நிழற்குடையில் நாங்கள் பதினைந்து இருபது பேர் நின்றோம், அன்றைக்கு நின்றவர்களில் உயிரோடு இருக்கிற ஐந்து பேரையும் சேர்த்து. திரவியம் கிட்டே வந்ததும் எங்கள் பக்கம் பார்த்தார். இந்தத் தடவை நாங்கள் மழையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தோம், பார்க்க முடியாமல் பார்த்தோம். நான்தான் முதலில் கொஞ்சம் தள்ளி நின்றேன், பக்கத்தில் நின்றவர் தள்ளினார், அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் தள்ளினார்.

ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அன்றைக்கும் இருந்தது.